ஊசி கிடைத்த இடம்

எம்.எஸ்சி. படித்த இரண்டு ஆண்டுகளில் நான் செய்த உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான். ரத்தத்திலிருந்து தூசியைப் பிரித்தெடுத்து, அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். மிகுந்த கவனத்தோடு ஊற்றினேன். அதற்காக எனக்கு முதல் வகுப்பும் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் பயோடெக்னாலஜி என்றொரு காய்ச்சல் பரவியது. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "இனி எல்லாமே பயோடெக்குத்தானுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கை கழுவுவதற்குள் என் எதிர்காலம் முடிவாகிவிட்டது. பக்கத்து இலைக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று அப்பா கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி.

எங்கள் துறையில் ஆராய்ச்சி என்றால் இலை. ஏதாவது ஓர் இலையை அரைத்துச் சாறு எடுத்து, அது எதையாவது குணப்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். வேப்பிலை, துளசி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சீனியர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். எனக்கு மூலனூர் முருங்கை கிடைத்தது. முருங்கையிலைச் சாறு ரத்தம் உறைவதை வேகப்படுத்துமா என்பது கேள்வி. அதற்கு முதலில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயில் ஊற்றி இயந்திரத்தில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும். இன்னும் வேகமாகச் சுற்றினால் பிளேட்லெட்டுகள் தங்கும். அதற்குப் பிறகும் மேலே நிற்கும் நீர் லேசாகக் கலங்கித் தெரியும். அது பிளேட்லெட்டுகள் உதிர்த்த தூசி. தூசி என்பது நான் வைத்த பெயரில்லை, பாடப் புத்தகமே அப்படித்தான் சொன்னது. அதையும் உச்ச வேகத்தில் சுற்றி அடியில் ஒட்டவைத்து, தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு, அடியில் இருப்பதை ஊற்றிவிட வேண்டும்.

ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. கடைசிச் சுற்று சுற்றாமலே சோதனையை முடித்தேன். அன்று முருங்கைச் சாறு விட்ட குழாயும் சரி, விடாத குழாயும் சரி, இரண்டுமே வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறைந்துவிட்டன. பேராசிரியரிடம் ஓடினேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். "சுத்தம் பத்தலம்மா" என்றார். அந்த நாளின் கணக்கைப் பிழை என்று எழுதி ஒதுக்கிவைத்தேன். முருங்கையிலை ஒன்றும் செய்யவில்லை. மேலும் ஆராய வேண்டியது அவசியம் என்று எழுதி அட்டை போட்டுக் கொடுத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, என்னோடு படித்தவர்களில் உண்மையாகவே ஆராய்ச்சிக்குப் போன ஒரே ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. நான் தொட்டியில் ஊற்றியது குப்பையில்லையாம். உடம்பிலுள்ள ஏறக்குறைய எல்லா செல்களும் தங்கள் சவ்வில் ஒரு துளியைக் கிள்ளி, உள்ளே எதையாவது வைத்து மூடி, சின்னச் சின்னப் பைகளாக வெளியே விடுகின்றன. நோய் வந்த உடம்பில் மட்டுமில்லை, நன்றாகத் தின்று தூங்கி எழுந்திருக்கிற உடம்பிலும் இது நாள் முழுக்க நடக்கிறது. ரத்தத்தில், எச்சிலில், தாய்ப்பாலில், எங்கே பார்த்தாலும் இந்தப் பைகள். சிவப்பணு முதிரும்போது தனக்கு இனி வேண்டாத சாமான்களைப் பையில் கட்டி வெளியேற்றுவதை முதலில் பார்த்தார்களாம். பார்த்த கையோடு, எல்லாமே குப்பைப் பைதான் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். படித்தவர்கள் ஒன்றை முடிவு கட்டும் வேகத்தைத் திருப்பூர் ஓவர்லாக் தையல் மெஷினால்கூடப் பிடிக்க முடியாது.

பிறகு யாரோ பொறுமையாகப் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே புரதம், கொழுப்பு, பக்கத்து செல்லுக்கு உத்தரவு சொல்லும் ஆர்.என்.ஏ. எல்லாம் இருந்தன. வாங்கிக்கொள்ளும் செல் அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. வயிற்றில் வளரும் கருவை அந்நியம் என்று தாயின் உடம்பு விரட்டாமல் இருப்பதில்கூட இந்தப் பைகளுக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறையத் தேவையான சரக்கெல்லாம் கூடிச் சேர்வதற்குப் பிளேட்லெட் பையின் மேல்தோல்தான் இடம் கொடுக்கிறது. புண்ணை மூட வரும்படி அக்கம்பக்கத்துக்குச் சொல்லி அனுப்புவதும் பைகள்தான். இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு பையின் மேலும், அது எந்த செல்லிலிருந்து கிளம்பியதோ அந்த செல்லின் அடையாளம் இருக்குமாம். கிளம்பிய இடத்தை மாற்றிச் சொல்ல அதற்குத் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எதுவும் தெரியாமலே, எல்லாம் தெரிந்தவளாக, நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பதவியின் பெயர் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று காட்டுவது என் பொறுப்பு. ஒழுங்காக இருக்கும்படி பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஆடிட்டர் வரும் நாளில் கழிப்பறைக்குச் சோப்பு வரும், அவர் கார் ஏறியதும் சோப்பும் கிளம்பிவிடும். உயிரியல் படித்தவள் என்பதால் முதலுதவிக்கும் என்னையே போட்டார்கள். அரை நாள் பயிற்சியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் தலைக்குக் கட்டுப் போட்டேன். மறுநாள் என் போட்டோ தையல் பகுதிச் சுவரில் ஏறியது, முதலுதவியாளர் என்ற பட்டத்தோடு.

தையல் பகுதிக்கு ஒரு மேனேஜர். வெள்ளகோவில்காரர். குரலை உயர்த்த மாட்டார். வேலையைவிட்டுத் துரத்தும்போதுகூட "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றுதான் சொல்வார். அவ்வளவு மரியாதை.

குழந்தைச் சட்டை தைக்கும் கம்பெனிகளில் ஊசிக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, முழு ஊசியாக ரிஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பகுதியின் சட்டைகள் அனைத்தையும் தனியே எடுத்து, ஊசியைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். ஓடும் பெல்ட்டில் சட்டை சுரங்கம் மாதிரி ஒரு பெட்டிக்குள் போய் வெளியே வரும். இரும்பு இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, பீப் என்று கத்தி, பெல்ட் நின்றுவிடும். இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தையின் சட்டையில் ஊசி இருக்கக் கூடாதுதான். அந்தச் சட்டையைத் தைப்பவரைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி கிடையாது.

ஓவர்லாக் மெஷினில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என் போட்டோ சுவரில் இருந்ததால் என்னை மேடம் என்பார். திருப்பூருக்கு வந்தபோது அவர் கைமடி. அதாவது தைப்பவருக்கு எதிர்ப்பக்கம் நின்று, தைத்து விழுவதை இழுத்து, நூலை வெட்டி, மடித்து அடுக்கும் ஆள். நான்கு வருடம் அப்படி நின்று, டீ நேரத்தில் அடுத்தவர் மெஷினில் திருட்டுத்தனமாகப் பழகி, டெய்லராக உட்கார்ந்தவர். என் பட்டத்தைவிட அது கஷ்டமான பட்டம். முதல் வகுப்பு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை டீக்குச் சற்று முன்னால் அவருடைய மெஷினில் ஊசி உடைந்தது. துணியைத் தள்ளிக்கொடுக்கும் இடது கை ஆள்காட்டி விரலில் குத்தி உடைந்தது. அவர் போட்ட சத்தத்தில் வரிசை மொத்தமும் நின்றுவிட்டது. மேனேஜர் வேகமாக வந்தார்.

"ஊசி எங்கீங்க?" என்றார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

ஊசியின் மேல்பாதி மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு தகட்டில் கிடந்தது. கூர்முனையைக் காணவில்லை.

முதலுதவிப் பெட்டியின் சாவி செக்யூரிட்டியிடம் இருந்தது. ஆடிட்டருக்குக் காட்டும் பெட்டியில் பஞ்சு குறைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டி வைத்திருந்தோம். நான் சாவி வாங்கி, திறந்து, வந்து சேர்வதற்குள் ரத்தம் நின்றுவிட்டிருந்தது. விரலில் ஒரு புள்ளிதான் தெரிந்தது. என்னை நிரூபிக்க எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. விடுவேனா?

"பாருங்கக்கா, தானா நின்னுருச்சு. ரத்தத்துல பிளேட்லெட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. குத்துன உடனே அது ஓடி வந்து ஒட்டி, ஓட்டைய அடைச்சிருச்சு. உங்க ஒடம்பு அருமையா வேலை செய்யுது."

"அப்படியா மேடம்? உள்ள என்னமோ நெருடுதே."

"ஆறும்போது அப்படித்தான் இருக்குமுங்க்கா."

டெட்டால் தடவி, பிளாஸ்திரி ஒட்டினேன். அவர் விரலை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா பாத்துக்கிடுங்க மேடம். இந்த வெரல் இருக்கதுனாலதான் நான் டெய்லரு. இது போச்சுன்னா மறுபடி கைமடிதான்."

நான் சொன்னதில் அறிவியல் பிழை ஒன்றும் இல்லை. அவர் உடம்பு அருமையாகத்தான் வேலை செய்தது. நொடியில் கதவைச் சாத்திவிட்டது. உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது என் வேலை.

பிறகு தேடல் தொடங்கியது. தரை முழுவதும் காந்தம் கட்டிய குச்சியால் துழாவினார்கள். அந்த வரிசைப் பெண்கள் அனைவரையும் எழுப்பி ஓவர்கோட்டை உதறச் சொன்னார்கள். கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். செருப்பைத் தட்டினார்கள். சாப்பாட்டுக் கூடையைக் கவிழ்த்தார்கள். எட்டு வரிசை தள்ளித் தைத்துக்கொண்டிருந்தவரின் பூவையும் விடவில்லை. ஊசி எந்த இடத்தில் குத்தி உடைந்ததோ அந்த இடத்தை மட்டும் நான் பிளாஸ்திரி போட்டு மூடி வைத்திருந்தேன்.

ஊசி கிடைக்கவில்லை. சட்டைகளைத் தனியறையில் பூட்டினார்கள். சரக்கு நின்றது. மேனேஜரின் முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்க மேடம், ஒரு ஊசி மொனை அப்படி எங்கீங்க போயிரும்?" என்று என்னிடம் தினமும் கேட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

இரண்டாம் நாள் விரல் சிவந்தது. மூன்றாம் நாள் வீங்கியது. அக்கா என் மேசைக்கு வந்து நீட்டினார். "வலிக்கு மேடம். ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு."

"வீக்கம் நல்லதுதானுங்க்கா. புண்ணை ஆத்தறதுக்குப் பக்கத்து செல்லுக்கெல்லாம் தகவல் போயிட்டிருக்குது" என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியாது, அடித்துச் சொன்னேன். உண்மையில் தகவல் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த விரல் தன்னால் முடிந்த எல்லா வழியிலும், சிவந்தும் சுட்டும் வீங்கியும், உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து செல்களுக்குப் புரிந்தது. எம்.எஸ்சி. முதல் வகுப்புக்குப் புரியவில்லை.

தைக்க முடியாததால் அவருக்கு லைட் ஒர்க் கொடுத்தோம். காயம் பட்டவருக்கு எளிய வேலை தர வேண்டும் என்று ஆடிட் விதியிலேயே இருக்கிறது, நான்தான் எடுத்துச் சொன்னேன். பூட்டி வைத்த சட்டைகளைக் கண்டுபிடிப்பு மெஷினுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் வேலை.

அவர் உட்கார்ந்ததிலிருந்து மெஷின் கத்த ஆரம்பித்தது. நாலு சட்டைக்கு ஒருமுறை பீப். நின்றுபோன சட்டையை இன்னொரு பெண் எடுத்துத் தள்ளினால் சத்தமில்லாமல் போய்விடும். மேனேஜர் வந்து பார்த்தார். "வளையலக் கழட்டிருங்க" என்றார். கழற்றினார். பீப். "மோதரமுங்க." கல்யாணத்தன்று மாதா கோயிலில் மாற்றிக்கொண்ட மோதிரம். வீங்கிய கையில் சோப்புத் தண்ணீர் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார். பீப். கழுத்துச் சங்கிலியையும் கழற்றி என் மேசை டிராயரில் வைத்தேன். அதற்கும் பீப்.

மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தோம். கோவையிலிருந்து சர்வீஸ் ஆள் வந்து, பொடி இரும்பு வைத்த அட்டையை விட்டுப் பார்த்து, திறந்து பார்த்து, மூடினார். "மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. உக்கார்ற ஆளுகிட்டத்தான் தப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கம்பெனியில் அந்த ஆறு நாளில் அக்காவைத் தவிர வேறு யாராவது சொன்ன ஒரே உண்மை அதுதான். அதையும் நாங்கள் அவரைத் திட்டுவதற்குத்தான் பயன்படுத்தினோம்.

ஆறாம் நாள், மதிய டீ நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெல்ட்டில் சட்டை எதுவும் இல்லை.

"இங்க பாருங்க மேடம்."

வலது கையைப் பெட்டிக்குள் நீட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துவிட்டு இடது கையை நீட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் நின்றது. கையை எடுக்காமல், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊசி கெடச்சிட்டு மேடம்" என்றார்.

மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினேன். ஓடி வந்தார். சொன்னதும் அவர் முகத்தில் ஆறு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. "அப்பாடா, கெடச்சிருச்சுங்களா!" என்றார். பிறகு விரலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நின்றபோது என்னைத் தனியே அழைத்தார். "மேடம், எடுத்த துண்ட டாக்டரு குப்பையில போட்டறப் போறாருங்க. கேட்டு வாங்கிட்டு வந்துருங்க."

எக்ஸ்ரேயில் விரல் மூட்டுக்குள் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, முதலுதவி யார் செய்தது என்று கேட்டார். "கம்பெனியிலங்க" என்றேன். ஒரு கம்பெனியே சேர்ந்து பிளாஸ்திரி ஒட்டியதுபோல. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தது. கீறிச் சுத்தம் செய்தார்கள். விரலை எடுக்க வேண்டி வரவில்லை, ஆனால் இனி அது மடங்காது என்றார். ஊசித் துண்டைத் தரும்படி கேட்டேன். எதற்கு என்றார். ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும் என்றேன். அவர் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். கட்டிலில் கிடந்த அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று துண்டும் கச்சிதமாகப் பொருந்தின. செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மெஷின் எண், உடைந்த நேரம், துண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதியாயிற்று. கிடைத்த இடம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விரல் என்று எழுதினால் விபத்து. விபத்து என்றால் வேறொரு ரிஜிஸ்டர், ஆறு நாள் தாமதம் ஏன் என்ற கேள்வி, அப்புறம் சுவரிலிருக்கும் என் போட்டோ. மேனேஜர் என் தோள் பக்கம் குனிந்தார். அதுவரை என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்று முதல்முறையாக, "மெஷின் அடியிலன்னு போட்டுரு கண்ணு" என்றார்.

எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே அழகாக இருக்கும்.

சரக்கு போனது. அடுத்த மாதம் ஆடிட்டர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நிறுத்தி, விடாமல் தேடி முழு ஊசியையும் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து அக்கா திரும்பி வந்தார். அவருடைய மெஷினில் வேறொரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் எதிர்ப்பக்கம் நின்று, விழுவதை இழுத்து, நூலை வெட்டி, மடித்தார். மறுபடி கைமடி.

டிராயரில் இருந்த சங்கிலியை வாங்கிக்கொள்ள, நூல் வெட்டி முடித்த சட்டைப் பண்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஆடிட்டருக்குக் காட்டிய ரிஜிஸ்டர் அதே பக்கத்தில் விரிந்து கிடந்தது. தொழிலாளர்களுக்குப் புரிய வேண்டும் என்ற விதிப்படி நாங்கள் அதைத் தமிழில்தான் எழுதுவோம். அவர் செல்லோடேப்புக்குள் இருந்த ஊசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டம் கட்டமாக வாசித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

"அப்ப ஆறு நாளும் மெஷினுக்கு அடியில கெடந்தது நான்தானா மேடம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார். மேனேஜர்தான் அப்படி எழுதச் சொன்னார் என்றேன். "சரி மேடம்" என்று சங்கிலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பண்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். இடது கையின் மற்ற விரல்கள் பண்டிலைப் பிடித்திருந்தன. ஒன்று மட்டும் மடங்காமல் நீட்டியபடி இருந்தது.

பேனா மேசையில்தான் கிடந்தது. நான் திருத்தவில்லை.